அப்பாவை ஆய்வில் சேர்க்கலாமா? புற்றுநோய் மருத்துவ ஆய்வு பற்றி ஒரு விரிவான பதில்

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: 66 வயது அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து ஒன்பது மாதத்தில் கழுத்தில் திரும்பி வந்துவிட்டது. "ஒரு ஸ்டடி நடக்குது, சேர்ந்துக்கிறீங்களா?" என்று கேட்டு, டாக்டர் 24 பக்கத் தாள் ஒன்றை, அதாவது சம்மதப் படிவத்தை, கொடுத்திருக்கிறார். "சோதனை எலி ஆக்கப் பார்க்கிறாங்க" என்று அம்மா அழுகிறார். "விலை கூடின மருந்து சும்மா கிடைக்குது, விடாதே" என்கிறார் அண்ணன். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் பாதி சரி. ஆய்வு என்பது உங்கள் அப்பாவுக்கென்று வகுத்த சிகிச்சை அல்ல. மருத்துவர்களுக்கு விடை தெரியாத ஒரு கேள்விக்கு விடை தேடும் ஏற்பாடு அது. அந்தக் கேள்விக்கு எந்த மருந்து, எந்த அளவில், எந்த நாளில் தேவையோ, அதுதான் அப்பாவுக்குக் கிடைக்கும். சில ஆய்வுகளில் கேள்வியும் நோயாளியின் நன்மையும் கைகோத்துப் போகும், சிலவற்றில் போகாது. ஆகவே தாளைப் பிரித்ததும் முதலில் தேட வேண்டியது 'ஆய்வின் நோக்கம்' என்ற பகுதியை. அதைப் படித்துவிட்டு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் சேராவிட்டால் அப்பாவுக்கு நீங்கள் என்ன சிகிச்சை கொடுப்பீர்கள்?" வேறு என்னென்ன சிகிச்சை உண்டு என்பது அந்தப் படிவத்திலேயே இருந்தாக வேண்டும், இது சட்டம். அந்தப் பதிலை ஒரு பக்கமும் ஆய்வு தருவதை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால்தான் முடிவு எடுக்க முடியும். ஆய்வை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று யோசித்தால் விடை வராது.

அடுத்து, எந்தக் கட்டம் என்று பாருங்கள். 'ஃபேஸ் 1' என்றால் கேள்வி, "இந்த மருந்தை எவ்வளவு வரை கொடுக்கலாம்?" என்பதுதான். வழக்கமான முறையில் முதலில் மூன்று பேருக்குச் சிறிய அளவு கொடுப்பார்கள். யாருக்கும் கடுமையான பாதிப்பு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்கு அளவைக் கூட்டுவார்கள். மூவரில் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் அதே அளவில் இன்னும் மூன்று பேர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அந்த அளவுக்கு மேல் போகமாட்டார்கள். எந்தப் படியில் நீங்கள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்து மருந்து போதாமலும் போகலாம், அதிகமாகவும் போகலாம். வேறு வழி எல்லாம் தீர்ந்தவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. நிரூபணமான சிகிச்சை இன்னும் மிச்சம் இருப்பவர் அவசரப்பட்டு நுழைய வேண்டிய இடம் அல்ல.

'ஃபேஸ் 2' இல் கேள்வி, "கட்டி குறைகிறதா?". 'ஃபேஸ் 3' இல், "இப்போது கொடுப்பதைவிட இது மேலா?". நாலாவது கட்டம் மருந்து கடைக்கு வந்த பிறகு நடக்கும் கண்காணிப்பு.

எல்லாரும் பயப்படும் குலுக்கல் பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறது. யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய சிகிச்சை என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சிபாரிசு எடுபடாது. படிவத்தில் "1:1" என்று இருந்தால் இரண்டு பிரிவுக்கும் சமவாய்ப்பு. "2:1" என்றால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு எந்தப் பிரிவுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய சிகிச்சை கிடைக்கும் பிரிவை 'கண்ட்ரோல் ஆர்ம்' என்பார்கள். அதில் என்ன கொடுக்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படியுங்கள். புது மருந்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும், இதைப் பற்றி நாலு வரிதான் இருக்கும். ஆனால் 1:1 ஆய்வில் அப்பா அங்கே போய் விழ பாதி வாய்ப்பு உண்டே. "வெற்று மாத்திரை கொடுத்து ஏமாத்துவாங்களா" என்ற பயத்துக்கும் பதில் அந்த நாலு வரியில்தான். புற்றுநோய் ஆய்வுகளில் பிளேசிபோ என்றால் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத் தரும் வெற்று மாத்திரைதான், சிகிச்சைக்குப் பதிலாகத் தருவது அல்ல. அதுவும் படிவத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

"புதுசுன்னா நல்லதாத்தானே இருக்கும், எதுக்குக் குலுக்கல்?" என்று கேட்பவர்களுக்கு 1990களின் கதை ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக அளவு கீமோ கொடுத்து, பிறகு எலும்பு மஜ்ஜையைத் திருப்பி ஏற்றும் முறை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, ஆய்வுக்கு வெளியே, கோர்ட்டுக்குப் போய்க்கூடக் கேட்டு வாங்கிச் செய்யப்பட்டது. குலுக்கல் முறை ஆய்வுகள் வந்தபோது, வழக்கமான கீமோவைவிட அது மேல் அல்ல என்று தெரிந்தது. அவதி மட்டும் அதிகம். மேல் என்று காட்டிய ஒரு தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்று 2000இல் அம்பலமானது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் உங்கள் அப்பாவின் நோயிலேயே இருக்கிறது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு (வாய்ப் புற்றுநோயும் இதில் அடக்கம்) நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து உண்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டியின் மீது ஏவும் வகை அது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம், நம் ஊரில் மிகச் சிலரால்தான் வாங்க முடியும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள், "வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுத்தால்?" என்று கேட்டு 151 பேரிடம் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு மலிவான மூன்று மாத்திரைகள் மட்டும்: மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்ஸிப், எர்லோடினிப். மற்றப் பிரிவுக்கு அதே மூன்றோடு இந்தச் சிறு அளவு ஊசி. ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3 சதவீதம், இரண்டாவதில் 43.4 சதவீதம். இப்படி ஒரு கேள்வியைப் பெரிய மருந்துக் கம்பெனி கேட்காது, குறைவாக விற்க வழி தேடுவது அவர்கள் தொழில் அல்ல. அதனால் ஆய்வை நடத்துவது கம்பெனியா, மருத்துவமனை டாக்டர்களா என்று பார்ப்பதும் உபயோகமான தகவல்தான்.

ஆய்வு என்றால் மருந்து மட்டும்தான் என்றும் இல்லை. 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸுகள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவி, வெண்மையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். இந்தப் பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். அடையாறு புற்றுநோய் நிலையமும் அதில் பங்கு.

இனி நடைமுறை. "சேர்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டதும் சேர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. அதன் பிறகுதான் 'ஸ்கிரீனிங்'. பெரும்பாலான ஆய்வுகளில் இதற்கு 28 நாள் கெடு. அதற்குள் ரத்தம், ஸ்கேன், இ.சி.ஜி., எக்கோ எல்லாம் முடிந்து, எண்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். ஆய்வுக்கு ஆய்வு மாறும் என்றாலும், ஹீமோகுளோபின் 9, பிளேட்லெட் ஒரு லட்சம், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1500க்குக் குறையக் கூடாது என்பது அடிக்கடி காணும் வரம்பு. கிரியேட்டினின், பிலிருபின், ஈரல் என்சைம்களுக்கு மேல்வரம்பு இருக்கும். நோயெதிர்ப்பு மருந்து ஆய்வென்றால் டி.பி., ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பழைய டி.பி. சிகிச்சைச் சீட்டு வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அதோடு 'ஈகாக்' என்ற நடமாட்ட மதிப்பெண். 0 என்றால் முன்புபோல எல்லா வேலையும் செய்கிறார். 1 என்றால் பாரமான வேலை மட்டும் முடியாது. 2 என்றால் தன் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறார், வேலைக்குப் போக முடியாது. 3 என்றால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ. பெரும்பாலான ஆய்வுகள் 0, 1 மட்டுமே ஏற்கும். "அப்பா நல்லா நடமாடுறார்" என்று கூட்டிச் சொல்லி உள்ளே நுழைத்துவிட்டால், அந்த மருந்தைத் தாங்க வேண்டியது அவர் உடம்புதான்.

நிறையப் பேர் கோட்டை விடுவது 'பிளாக்'கில். முதல் ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, கட்டைவிரல் நகம் அளவுத் துண்டாக அந்த மருத்துவமனையின் பேத்தாலஜி பிரிவு வைத்திருக்கும். ஆய்வுக்கு அது தேவைப்படும். பழைய மருத்துவமனை வேறாக இருந்தால் டாக்டரின் கடிதம், நோயாளியின் கையெழுத்து, ரிப்போர்ட் எண் மூன்றும் கேட்பார்கள். கைக்கு வர நாளாகும், 28 நாள் கெடு அதற்குள் ஓடிவிடும். கையெழுத்துப் போடும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வாங்கும்போது ஸ்லைடு (அந்தச் சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடு) மட்டும் போதுமா பிளாக்கும் வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், சென்னை மே மாதத்தில் மெழுகு இளகிவிடலாம்.

ஸ்கிரீனிங்கில் தேறாவிட்டால் அப்பா தோற்றதாக நினைக்க வேண்டாம், ஆய்வின் வரம்பு அப்படி. ஆனால் அதில் போன நாட்கள் போனவைதான். "தேறாவிட்டால் அடுத்த நாளே எந்தச் சிகிச்சை தொடங்கும்?" என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய கீமோவுக்கும் ஆய்வு மருந்துக்கும் இடையே சில வாரம் சும்மா இருக்கச் சொல்வதும் உண்டு. வேகமாக வளரும் கட்டியில் அந்த இடைவெளியைத் தாங்குமா என்பதையும் பேசிவிட வேண்டும்.

சேர்ந்த பிறகு உங்கள் வாழ்க்கையை நடத்தப்போவது டாக்டரைவிடக் 'கோஆர்டினேட்டர்'தான், ஆய்வின் அன்றாட வேலைகளை ஒருங்கிணைக்கும் ஊழியர். அவர் எண்ணை வீட்டில் மூன்று பேர் போனிலாவது பதிந்து வையுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே போகும் சலுகைதான் இருக்கும். தீபாவளி, பொங்கல், ஐப்பசி கார்த்திகை மழையில் ரோடு முழுகும் நாட்கள் இவற்றையெல்லாம் முதல் மாதமே சொல்லிவிட்டால் மருந்தை முன்கூட்டித் தர ஏற்பாடு செய்வார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில், மருந்துக்கு முன் ஒரு முறை, பிறகு 1, 2, 4, 8 மணி நேரம் என்று ஊசி குத்துவார்கள், அந்த நாள் முழுக்க அங்கேதான். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை தீர்ந்த அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள், எண்ணித் திரும்ப வாங்குவார்கள். ஒரு வேளை விட்டுப் போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. விழுங்கியது வாந்தியில் வந்துவிட்டாலும் கேட்காமல் திரும்பப் போடக் கூடாது. சாப்பிட்டு உடனே போடுவதா, வெறும் வயிற்றிலா என்பது சில மருந்துகளில் ரத்த அளவையே பல மடங்கு மாற்றும். அப்பா அமாவாசை விரதம் இருப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

ஒளிப்பதால் வரும் கேடு ஒன்று இருக்கிறது: நாட்டு மருந்து. பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கஷாயம், சித்த மருந்துப் பொடி, மஞ்சள் கேப்ஸ்யூல் எதுவானாலும் கோஆர்டினேட்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்தால் நடப்பது இது: மூன்றாவது வாரம் ஈரல் என்சைம் ஏறும், காரணம் ஆய்வு மருந்து என்று எழுதுவார்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அப்பாவுக்கு வேலை செய்துகொண்டிருந்த மருந்து போய்விடும். பம்ப்ளிமாஸ் பழம்கூடச் சில புற்றுநோய் மாத்திரைகள் குடலில் சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், கீமோ நடக்கும்போது அது நடுராத்திரி அவசரம். நோயெதிர்ப்பு மருந்தென்றால் பேதியைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட நாலு தடவை கூடப் போனாலே போன் செய்ய வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டு மூடி வைத்தால், உள்ளே குடல் அழற்சி வளரும். அதற்குத் தேவை வேறு மருந்து, பெரும்பாலும் ஸ்டீராய்டு. பக்கத்து நர்ஸிங் ஹோமில் சேர்த்தாலும் உடனே தகவல் சொல்லுங்கள். அட்மிஷன் ஆனாலே அது 'கடும் பாதகம்' என்ற கணக்கில் வரும், தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்தும் டாக்டர் மேலே அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் குழப்பம் வரும். கட்டிகளின் குறுக்களவைக் கூட்டி ஒரு எண் வைத்துக்கொள்வார்கள். தொடக்கத்தில் 50 மில்லிமீட்டர் என்றால், 35 ஆகக் குறைந்தால்தான், அதாவது 30 சதவீதம் குறைந்தால்தான், 'பதில் கிடைத்தது' என்பார்கள். 40 ஆனால் 'நிலையாக இருக்கிறது' என்பார்கள். 35க்கு வந்தது பிறகு 42 ஆனால், தொடக்கத்தைவிடக் குறைவாக இருந்தாலும், மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதம் கூடிவிட்டதால் 'நோய் முன்னேறுகிறது' என்று கணக்காகும். பெரும்பாலும் மருந்து நிறுத்தப்படும். அப்பா தெம்பாகத்தானே இருக்கிறார் என்று சண்டை போட்டு மாற்ற முடியாது, விதி அப்படி.

பணம். கம்பெனி நடத்தும் ஆய்வில் ஆய்வு மருந்துக்கும், ஆய்வுக்காகவே எடுக்கும் டெஸ்ட்டுகளுக்கும் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. டாக்டர்களே நடத்தும் ஆய்வில் வழக்கமான கீமோ, ஸ்கேன் செலவு உங்கள் பொறுப்பாக இருக்கலாம். எது யார் தலையில் என்பதைப் படிவம் பிரித்துச் சொல்ல வேண்டும். போக்குவரத்துப் பணம் தருவதாக இருந்தால் டிக்கெட்டையும் ஆட்டோ ரசீதையும் சேர்த்து வையுங்கள். தனியார் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' விலக்கு என்று ஒரு பிரிவு உண்டு, முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆய்வுக்கு வெளியே வரும் செலவுகளுக்கு அது செல்லுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். "இது டிரையல், ஆனால் ஊசிக்கு நாலு லட்சம் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவின் பயம் வெறும் பயம் அல்ல. 1999, 2000 வாக்கில் பக்கத்து மாநிலத்தில் வாய்ப் புற்றுநோயாளிகளின் கட்டிகளில் ஒரு புது வேதிப்பொருளை ஊசியில் செலுத்திப் பார்த்தது 2001இல் பெரிய சர்ச்சை ஆனது. முறையான சம்மதம் வாங்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. பிறகு வேறு பல ஆய்வுகள் பற்றியும் வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2013இல் விதிகள் இறுகி, 2019இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் வந்தன. அதன்படி, ஆய்வை அனுமதித்துக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சை. ஆய்வு மருந்தால் இறந்தால் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு: அடிப்படை எட்டு லட்சம் ரூபாய், அதை வயதுக் காரணியும் நோயின் தீவிரக் காரணியும் பெருக்கும். 65 வயதுக்கு மேல் வயதுக் காரணியால் தொகை மாறாது. ஆறு மாதத்துக்கு மேல் உயிர் வாழ வாய்ப்பில்லாத நிலையில் சேர்ந்தவருக்குத் தீவிரக் காரணி 0.5, ஆறு முதல் 24 மாதம் என்றால் 1. அதாவது உங்கள் அப்பாவின் வயதில் நாலு லட்சம் அல்லது எட்டு லட்சம். நோய் முற்றியவருக்குத் தொகை குறைவது கசப்பாகத்தான் இருக்கும், கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நோயின் போக்கில் இறந்தால் இது பொருந்தாது. படிவத்தில் நாமினி பெயர், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்பது இதற்காகத்தான், காலியாக விடாதீர்கள்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். "அப்பாவுக்குப் புற்றுநோய்னு சொல்லலை, புண்ணுன்னுதான் சொல்லியிருக்கோம்" என்றால் அவரை ஆய்வில் சேர்க்க முடியாது. கையெழுத்து அவருடையது, பிள்ளையுடையது அல்ல. நோயின் பெயர் தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதமே ஆகாது. முதலில் அவரிடம் பேசுங்கள், முடியாவிட்டால் டாக்டரைப் பேசச் சொல்லுங்கள். படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளைக் கொடுத்து வாயால் சுருக்கம் சொன்னால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். அன்றே கையெழுத்துக் கேட்டால் "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லலாம். கையெழுத்தான பிரதி ஒன்று உங்களிடம் வர வேண்டும். டாக்டர், நெறிமுறைக் குழு இருவரின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும்.

இன்று இரவே செய்யக்கூடியது, ஆய்வின் பதிவு எண்ணைச் சரிபார்ப்பது. 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் எல்லா ஆய்வுகளும் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைப் போட்டால் நடத்துபவர், எத்தனை பேர் தேவை, எந்தெந்த மருத்துவமனை, ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு அனுமதித்ததா, ஆள் சேர்ப்பு திறந்திருக்கிறதா எல்லாம் வரும். உங்கள் மருத்துவமனையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். அதே இடத்தில் நோயின் பெயரைப் போட்டுத் தேடினால், அடையாறிலோ ஜி.ஹெச்சிலோ வேலூரிலோ அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான வேறு ஆய்வு நடக்கிறதா என்றும் பார்க்கலாம்.

பாதியில் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்கக் கூடாது. விலகும்போது "மருந்தை மட்டும் நிறுத்துகிறோம், போனில் விசாரிக்கலாம்" என்று சொல்வது ஒன்று, "எந்தத் தொடர்பும் வேண்டாம்" என்பது வேறு. எது என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆய்வு முடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. வேறு சிகிச்சை இல்லை, இந்த மருந்து பலன் தந்தது என்று ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், தொடர்ந்து இலவசமாகத் தர 2019 விதிகளில் இடம் உண்டு. அது தானாக வராது, அந்தப் பரிந்துரையை டாக்டர் எழுத வேண்டும். ஆகவே "ஆய்வு முடிந்த பிறகு மருந்து எப்படி?" என்பதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே கேட்டு, பதிலைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.